குழாய்நீர் தந்த கண்டுபிடிப்பும் தில்லி தந்த ஆணையும்

1852ஆம் ஆண்டில் தாமஸ் வார்ட்டன் ஜோன்ஸ் என்னும் உடலியலாளர், வௌவாலின் இறகுச் சவ்விலுள்ள சிரைகள் தாமாகவே சீராகச் சுருங்கி விரிவதை நுண்ணோக்கி வழியே கண்டு அறிவித்தார். சிரை குருதியைச் சுமக்கும் வெறுங்குழாய் அன்று என்பது அதனால் புலனாயிற்று. ஆயினும் தசையைச் சுருங்கச் செய்வது எது என்னும் வினாவிற்கு வழி திறந்தது தவளையே.

1882இல் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புக்கரைசலில் துடிக்க வைத்தார். பின்னர் வடிநீரில் கரைசல் செய்தபோது துடிப்பு ஒடுங்கியது. முந்தைய கரைசல் லண்டன் குழாய்நீரில் ஆனது. அந்நீரில் கலந்திருந்த கால்சியமே இதயத்தை இயக்கியிருந்தது. 1883இல் அவர் இதனை வெளிப்படையாக எழுதினார்.

தவளைச் சிரையின் சுவரிலுள்ள வரியற்ற தசைக்கும் கால்சியமே தூண்டுகோல், வழிதான் வேறு. இதயத்தசையில் கால்சியம் ட்ரோபோனினைப் பற்றுகிறது. வரியற்ற தசையில் ட்ரோபோனின் இல்லை. அங்கே கால்சியம் கால்மோடுலினுடன் இணைந்து, மயோசினில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதியை எழுப்புகிறது. ஆகவே சுருக்கம் மெல்லத் தொடங்கி நெடுநேரம் நிலைக்கிறது.

இவ்வறிவை இந்திய வகுப்பறைகளுக்குத் தலைமுறைகளாகச் சுமந்து வந்ததும் தவளையே. அதற்கு அது கொடுத்த விலை பெரிது. 1987இல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. தில்லியிலுள்ள பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் உடற்கூறாய்வைக் கட்டுப்படுத்தி, 2014இல் விலங்கியல், உயிரறிவியல் பாடங்களில் அதனை அறவே நிறுத்தப் பணித்தது. அறநோக்கிலும் சூழல் நோக்கிலும் அவ்வாணை நியாயமானதே.

ஆனால் கருவியை நீக்கிய ஆணை, அதன் இடத்தில் எதனை வைப்பது என்னும் கேள்வியைத் தீர்த்துவிடவில்லை. கணினிப் பாவனை தனக்குள் இடப்பட்ட விடையையே திருப்பித் தரும். அதில் குழாய்நீர் கலக்க வழியில்லை. ரிங்கரின் கண்டுபிடிப்போ எதிர்பாராத கலப்பிலிருந்து பிறந்தது. இறைச்சிக்கூடத்தில் கழிக்கப்படும் ஆட்டுக் குருதிக்குழாயும் கோழிக்குடலும் உரிய கரைசலில் இட்டால் இன்றும் சுருங்கிக் காட்டும். சோதனைக்கென ஓர் உயிரையும் கொல்லாமல், பிழைக்கும் வியப்பிற்கும் இடம் தரும் ஆய்வறை அமைக்க இயலும். தில்லியின் ஆணை தொடங்கிவைத்த பணி அங்கேதான் நிறைவுறும்.