பிளேன் மரங்கள்: நகரத்தின் நிழலும் போரின் எச்சமும்

இலண்டனிலும் பாரிஸிலும் வாழும் நம்மவர்கள் நாள்தோறும் பிளேன் மரங்களின் நிழலில் நடந்து செல்கின்றனர். எனினும், அம்மரத்தின் பெயரைக் கேட்டால் மேப்பிள் என்று விடையளிப்போர் பலர். இலையின் வடிவம் அவ்வாறு மயங்க வைக்கிறது. மேப்பிள் இலைகள் கிளையில் எதிரெதிராக இணைந்து அமைந்திருக்கும். பிளேன் இலைகளோ மாறிமாறி அமைந்திருக்கும். பட்டையைப் பார்த்தால் ஐயத்திற்கே இடமில்லை. அது தகடுதகடாக உரிந்து, பழுப்பும் பச்சையும் வெளிர்மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாகத் தோன்றும். இலையுதிர்ந்த பின்னரும் உருண்டைக் காய்கள் கிளைகளில் தொங்கும்.

இம்மரத்தின் வரலாறு கிழக்கில் தொடங்குகிறது. கி.மு. 480இல் கிரேக்கத்தின் மீது படையெடுத்துச் சென்ற பாரசீக மன்னன் செர்க்சஸ், வழியில் கண்ட ஒரு பிளேன் மரத்தின் அழகில் மயங்கி, அதற்குப் பொன்னணி பூட்டிக் காவலனையும் நியமித்தான் என ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். தமிழ் விவிலியத்தில் யாக்கோபின் கதையில் வரும் அர்மோன் மரமும், காஷ்மீரத்தின் சினார் மரமும் இந்தக் கீழைத்தேயப் பிளேன் மரமே. இதன் காய்கள் ஒரே காம்பில் மூன்று முதல் ஆறு வரை கோத்தாற்போல் தொங்கும். அமெரிக்கப் பிளேன் மரத்திலோ பெரும்பாலும் ஒன்றே தொங்கும். 17ஆம் நூற்றாண்டில் இவ்விரண்டும் ஐரோப்பியத் தோட்டங்களில் அருகருகே வளர்ந்தபோது பிறந்த கலப்பினமே இலண்டன் பிளேன். அதற்குப் பொதுவாக இரண்டு காய்கள். அது முதலில் தோன்றியது இங்கிலாந்திலா, ஸ்பெயினிலா என்பதில் அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை.

இலண்டன் பேர்க்லி சதுக்கத்தில் 1789இல் நடப்பட்டனவாகக் கூறப்படும் பிளேன் மரங்கள் இன்றும் நிற்கின்றன. நிலக்கரிப் புகை சூழ்ந்த தொழிற்புரட்சிக் காலத்தில் பிற மரங்கள் வாடியபோதும் இவை செழித்தன. உரியும் பட்டையோடு கரியும் கழன்று விழுந்தது. வழுவழுப்பான இலைகளை மழை கழுவியது. இறுகிய மண்ணையும் கடுமையான கிளைவெட்டையும் இம்மரம் தாங்கியது. எனவே, 1870இல் திறக்கப்பட்ட தேம்ஸ் கரையின் விக்டோரியா எம்பாங்மென்ட் வீதியிலும் பிளேன் மரங்களையே வரிசையாக நட்டனர்.

பெரும்பாலும் கிளைத்துண்டுகளை நட்டே இம்மரங்கள் பெருக்கப்பட்டன. ஆகவே, ஒன்றின் வலிமை எல்லாவற்றுக்கும் கிடைத்தது. ஒன்றின் பலவீனமும் அவ்வாறே எல்லாவற்றுக்கும் உரியதாயிற்று. அதன் விளைவைப் பிரான்ஸ் கண்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினரின் வெடிமருந்துப் பெட்டிகள் தென் பிரான்சில் வந்திறங்கின. அப்பெட்டிகளின் மரப்பலகைகளில் ஒரு கொடிய பங்கசு (பூஞ்சணம்) மறைந்து வந்ததாகக் கருதப்படுகிறது. அமெரிக்கப் பிளேன் நெடுங்காலம் அதனோடு பழகியது. ஐரோப்பிய மரங்களுக்கோ அது புதிய பகை. மார்செய் நகர்ப்பகுதியில் தொடங்கிய அழிவு, 2006இல் உலக மரபுரிமைச் சின்னமான மிடி கால்வாயில் கண்டறியப்பட்டது. அக்கரைகளில் நின்ற பிளேன் மரங்கள் ஏறத்தாழ 42,000. நோயுற்றவற்றையும் அவற்றின் அயலில் நின்றவற்றையும் ஆயிரக்கணக்கில் தறித்து எரிக்க வேண்டியதாயிற்று.

பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டதை அறிந்த மண்ணிலிருந்து வந்தவன் என்ற வகையில், இச்செய்தி என்னை வெகுவாகப் பாதித்தது. 1945இல் முடிந்ததாக நாம் பாடநூலில் படித்த போர், அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் மரங்களை வீழ்த்திக்கொண்டிருந்தது. போரின் கணக்கை எழுதுவோர் அது முடிந்த திகதியோடு ஏட்டை மூடிவிடுகின்றனர். மண்ணோ அவ்வாறு மூடுவதில்லை.

மிடி கால்வாயின் கரைகளில் இப்போது பல்வேறு இன மரங்களைக் கலந்து நடுகின்றனர். ஒரு நோய் வந்தால் அனைத்தும் ஒருங்கே மடியாதிருக்க இதுவே வழி. பிளேன் மரங்கள் நிற்கும் நகரங்களில் கிளைவெட்டும் வாளைக்கூட ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லுமுன் தூய்மைப்படுத்த வேண்டும் என்கின்றனர் வல்லுநர். அந்த வாளின் பல்லில் ஒட்டியிருக்கும் சிறிது மரத்தூளே நோயைப் பரப்பப் போதுமானது.