சட்டி சாப்பாடான கதை

பாரிஸ் நகரத்துப் பாத்திரக் கடையில் ‘காஸ்ரோல்’ வேண்டும் என்று கேட்டால், நீளக் கைப்பிடி வைத்த பாத்திரம் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். பால் காய்ச்சவும் சாஸ் கிண்டவும் ஏற்றது. லண்டனில் ‘கேசரோல்’ என்றால், கறித்துண்டுகளும் காய்கறியும் சாறும் சேர்த்து மூடி, ஓவனில் மணிக்கணக்கில் வேகவிட்ட குழம்பு. அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் அதே சொல்லுக்குக் கொத்துக்கறி, மக்ரோனி அல்லது உருளைக்கிழங்கு, டின் சூப் எல்லாம் சேர்ந்து மேல்பக்கம் முறுகலாக வெந்த இரவுச் சாப்பாடு என்று பொருள். சென்னையிலோ மதுரையிலோ கடைக்காரர் எடுத்து வைப்பது, சப்பாத்தி ஆறாமல் காக்கும் மூடி போட்ட டப்பா. ஒரு சொல்லுக்கு நான்கு பொருள். இரண்டு ஊரில் அது பாத்திரம்; இரண்டு ஊரில் சாப்பாடு.

சொல்லின் வேரைத் தேடினால் அடுப்பு தென்படவில்லை, மது அள்ளும் முகவைதான் தென்படுகிறது. பழைய கிரேக்கர்கள் விருந்துகளில் பெரிய கலயமொன்றில் திராட்சை மதுவையும் தண்ணீரையும் கலந்து வைப்பார்கள். அதிலிருந்து அள்ளிக் கிண்ணங்களில் ஊற்ற, உயர்ந்து வளைந்த ஒற்றைக் கைப்பிடியோடு ஒரு முகவை இருந்தது. அதன் பெயர் ‘கியாதோஸ்’. அளவில் சிறியது ‘கியாதியோன்’. இடைக்கால லத்தீனில் காணப்படும் ‘காத்தியா’ என்ற பாத்திரப் பெயர் இந்தக் கியாதியோனிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதியாளர் கருத்து. அதற்குப் பிந்திய வழி தெளிவானது. தென் பிரான்சின் மொழியில் அது ‘காஸ்ஸா’ ஆயிற்று. வடக்கே பிரெஞ்சில் ‘காஸ்’ ஆயிற்று. சிறுமை காட்டும் விகுதி ஏறி 16ஆம் நூற்றாண்டில் ‘காஸ்ரோல்’ என்று நின்றது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போனபோதும் அது கறி வேகவைக்கும் பாத்திரத்தின் பெயர்தான். யாரும் அதைச் சாப்பிடவில்லை.

அதே காஸ்ஸாவுக்குப் பிறந்த இன்னொரு பிள்ளையும் உண்டு. தென் பிரான்சில் காஸ்டெல்நோதரி ஊரை அடுத்த இசெல் என்ற குயவர் கிராமத்தில் வாய் அகன்று அடி குறுகிய மண்சட்டி செய்வார்கள். அதற்குக் ‘காஸ்ஸோல்’ என்று பெயர். அதில் வெள்ளை பீன்ஸ், பன்றிக்கறி, வாத்துக்கறி, சாசேஜ் ஆகியவற்றை மெல்ல வேகவைத்து எடுப்பதற்குப் பெயர் ‘காஸ்ஸூலே’. அங்கே சட்டியின் பெயர் கறிக்கு எப்போதோ ஒட்டிக்கொண்டது. ஆனால் காஸ்ரோல் மட்டும் பிரெஞ்சு வாயில் இன்றுவரை பாத்திரமாகவே இருக்கிறது. ஒருவர் ‘காஸ்ரோல் இழுத்துக்கொண்டு போகிறார்’ என்றால் பழைய ஊழலோ வழக்கோ அவரை விடாமல் தொடர்கிறது என்று அர்த்தம். 2012இல் கியூபெக் மாணவர் போராட்டத்தின்போது மக்கள் மாலை நேரங்களில் தெருவில் இறங்கிப் பாத்திரங்களைத் தட்டினார்கள். அந்தப் போராட்டத்துக்கே காஸ்ரோல் என்று பெயர் வந்தது. 2023இல் ஓய்வூதியச் சட்டத்தை எதிர்த்துப் பிரான்சிலும் அதே ஓசை கேட்டது. தட்டினால் ஒலிக்கிற பொருள் அது, சாப்பாடு அல்ல.

பாத்திரத்தின் பெயர் பண்டத்துக்குப் போவதில் தமிழ் இலக்கணம் படித்தவருக்கு வியப்பு இராது. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகிவருவதை ஆகுபெயர் என்கிறோம். ‘பாலை இறக்கு’ என்றால் இறக்குவது பாலிருக்கும் பாத்திரத்தை. உள்ளிருப்பதன் பெயர் அதைத் தாங்கியிருப்பதற்கு ஆவதால் இது தானியாகுபெயர். கேசரோலில் நடந்தது இதற்கு நேர்மாறு. தாங்குவதன் பெயர் உள்ளிருப்பதற்கு வந்தது. இடவாகுபெயரின் கூட்டத்தில் இதை வைக்கலாம்.

உலகச் சமையலறைகளில் இந்தக் கூட்டம் பெரியது. வலென்சியாவில் ‘பாயெல்லா’ என்றால் முதலில் தட்டையான வாணலி. பிறகுதான் அதில் சமைத்த சோறு. வட ஆப்பிரிக்காவின் ‘தஜீன்’ கூம்பு மூடி போட்ட மண்சட்டி. அந்தப் பெயர் வாணலியைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து அரபி வழியாக வந்தது. இன்று அதில் வேகும் கறிக்கும் அதே பெயர். பிரெஞ்சு ‘தெரீன்’ மண்ணால் செய்த பாத்திரம். அதில் அழுத்தி வேகவைத்த இறைச்சியும் தெரீன். இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பொது விதி தெரிகிறது. சமைத்த பாத்திரத்தோடு உணவு பந்திக்கு வரும் இடத்தில்தான் பாத்திரத்தின் பெயர் உணவுக்கு ஒட்டுகிறது. வேறு பாத்திரத்துக்கு மாற்றிப் பரிமாறும் இடத்தில் ஒட்டுவதில்லை.

நம் சமையலறையே இதற்குச் சான்று. உலையில் வெந்ததை வடித்து, தாளித்ததை வேறொன்றில் கொட்டி, கரண்டியால் இலையில் வைக்கிற வழக்கம் நம்முடையது. அதனால் நம் உணவுப் பெயர்கள் பெரும்பாலும் செய்கையிலிருந்து வருகின்றன: பொரியல், வறுவல், அவியல், துவையல், மசியல், பொங்கல். இலக்கணத்தில் இவை தொழிலாகுபெயர்கள். பாத்திரம் பெயரில் தலைகாட்டுவது அரிது. குழிப்பணியாரத்தில் சட்டியின் குழி வருகிறது, அதுவும் பணியாரத்துக்கு அடைமொழியாகத்தான்.

ஆங்கில உலகில் கேசரோல் இந்த விதிக்குள் வந்து சேர நாளாயிற்று. 1896இல் வெளிவந்த ஃபேனி ஃபார்மரின் பாஸ்டன் சமையல் பள்ளி நூலில் சோற்றுக் கேசரோல் ஒன்று இருக்கிறது. அச்சு ஒன்றின் உட்புறம் வெந்த சோற்றை அப்பி, நடுவே பொடியாக நறுக்கிய ஆட்டுக்கறியைக் காரசாரமாக வைத்து, மேலேயும் சோற்றால் மூடி, ஆவியில் வேகவைத்துத் தட்டில் கவிழ்த்துத் தக்காளி சாஸ் சுற்றி ஊற்றுவது. இங்கே சோறே பாத்திரமாகிக் கறியைத் தாங்குகிறது. சொல் பாத்திரத்தை விட்டுப் பாதி வெளியே வந்துவிட்டது. அதே காலத்து உணவகப் பட்டியல்களில் ‘ஆன் காஸ்ரோல்’, அதாவது சட்டியிலேயே பரிமாறப்படுவது, என்ற பிரெஞ்சுத் தொடர் நாகரிகமாகப் புழங்கியது. தொடரின் தலை உதிர்ந்தது; கேசரோல் உணவானது. 1930 வாக்கில் அகராதிகள் ஏற்கும் அளவுக்கு அந்தப் பொருள் ஊன்றிவிட்டது.

ஊன்றக் காரணம் கண்ணாடி. நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கண்ணாடி ஆலையில் ஜெஸ்ஸி லிட்டில்டன் என்ற இயற்பியலாளர் வேலை பார்த்தார். ரயில் விளக்குகளுக்கும் மின்கல ஜாடிகளுக்கும் வெடிக்காத கண்ணாடி அங்கே உருவாகியிருந்தது. அவர் மனைவி பெஸ்ஸியின் மண் கேசரோல் சூட்டில் விரிசல் விட்டபோது, மாற்றாக அவர் வீட்டுக்குக் கொண்டு வந்தது மேற்பாதி அறுத்தெடுத்த மின்கல ஜாடி. 1913இல் அதில் பெஸ்ஸி சுட்ட கேக் நன்றாக வெந்து வந்தது. 1915இல் ‘பைரெக்ஸ்’ பாத்திரங்கள் கடைக்கு வந்தன. அந்தப் பெயரைக் கேட்டதும் நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் நினைவுக்கு வரும். ஆனால் நிறுவனத்தார் தந்த விளக்கம் வேறு: முதலில் விற்ற பொருள்களில் ஒன்று பை சுடும் தட்டு, அந்தப் ‘பை’யோடு தங்கள் வழக்கமான ‘எக்ஸ்’ முடிவைச் சேர்த்து, ஓசைக்காக நடுவில் ஓர் எழுத்தை இட்டார்களாம். பெயர் எப்படி வந்திருந்தாலும், ஓவனிலிருந்து நேரே மேசைக்கு வரத்தக்க பாத்திரம் சாதாரண வீட்டுக்கும் கிடைத்துவிட்டது. உள்ளே கொதிப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. மாற்றிப் பரிமாற வேண்டிய அவசியம் போயிற்று. பாத்திரமும் பண்டமும் ஒன்றே என்று நாக்கும் ஒப்புக்கொண்டது.

அடுத்து வந்தது டின். கேம்பெல் நிறுவனத்தில் ஜான் டோரன்ஸ் என்ற வேதியியலாளர் 1897இல் சூப்பின் நீரைக் குறைத்துச் சுண்ட வைத்து அடைக்கும் முறையைக் கண்டார். 1934இல் அந்த நிறுவனம் காளான் கிரீம் சூப்பை விற்கத் தொடங்கியது. வெண்ணெயில் மாவு வறுத்துப் பால் ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டிய சாஸின் வேலையை ஒரு டின் செய்தது. பொருளாதார மந்தக் காலத்தில், கொஞ்சம் கறியை நிறையப் பேருக்கு நிரவ வேண்டிய வீடுகளுக்கு இது கைகொடுத்தது.

நடுமேற்கிலேயே மின்னசோட்டாவிலும் வடக்கு டகோட்டாவிலும் மட்டும் இந்தச் சாப்பாட்டைக் கேசரோல் என்று பெரும்பாலோர் சொல்வதில்லை. அங்கே அது ‘ஹாட்டிஷ்’. சூடான பண்டம் என்பதைச் சேர்த்தெழுதிய ஒரே சொல். அச்சில் கிடைத்த பழைய ஹாட்டிஷ் குறிப்பு, 1930இல் மின்னசோட்டாவின் மங்கேட்டோ நகரத்துக் கிரேஸ் லூத்தரன் தேவாலயப் பெண்கள் சங்கம் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் உள்ளது. கொத்துக்கறி, வெங்காயம், செலரி, டின் பட்டாணி, தக்காளி சூப், மக்ரோனி ஆகியவைதான் பொருள்கள். ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் குடியேறிய லூத்தரன் குடும்பங்கள் தேவாலயக் கூடத்தில் கூடி உண்ணும்போது ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வருவார்கள். சாவு வீட்டுக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் அதையே எடுத்துப் போவார்கள். காளான் கிரீம் சூப்புக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் ‘லூத்தரன் பைண்டர்’. எல்லாவற்றையும் பிடித்து ஒட்டவைக்கும் லூத்தரன் பசை என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கே இன்று புகழ் பெற்றது டேட்டர் டாட் ஹாட்டிஷ். சுமார் 450 கிராம் மாட்டுக் கொத்துக்கறியை நறுக்கிய வெங்காயத்தோடு வாணலியில் ஈரம் வற்றிப் பழுப்பாகும்வரை கிளறி, மிதக்கும் கொழுப்பை வடித்துவிடுவார்கள். உறைந்த பீன்ஸ், சோளம் இரண்டு கை, தண்ணீர் சேர்க்காத ஒரு டின் காளான் சூப், உப்பு, மிளகு. கலந்ததை அகன்ற கண்ணாடித் தட்டில் பரப்பி, மேலே டேட்டர் டாட் என்ற சின்ன உருளைக்கிழங்கு உருளைகளைப் படைவரிசை போல நெருக்கி அடுக்கி, 190 அல்லது 200 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரம் வைத்தால் ஓரம் கொதித்து மேல் முறுகும். மேசைக்கு வருவது அதே தட்டு. கரண்டி அதற்குள்ளேயே இறங்கும்.

அந்த மேல்வரிசைக்கும் பெயர்க்கதை உண்டு. ஆரிகன், ஐடஹோ மாநிலங்களின் எல்லையில் ‘ஓர்-ஐடா’ என்ற ஆலையை நெஃபி கிரிக், கோல்டன் கிரிக் என்ற சகோதரர்கள் நடத்தினார்கள். இரு மாநிலப் பெயர்களின் தலைகளைச் சேர்த்ததே ஆலையின் பெயர். விரல் வறுவலுக்கு வெட்டியபின் மிஞ்சிய உருளைக்கிழங்குச் சீவல்களைக் கொத்தி, மாவும் உப்பும் சேர்த்துச் சின்ன உருளையாக்கி 1953இல் செய்து பார்த்து, 1956இல் விற்பனைக்கு விட்டார்கள். ‘டேட்டர்’ உருளைக்கிழங்கின் பேச்சு வடிவம், ‘டாட்’ பொடிப்பிள்ளை. மாட்டுக்குத் தீவனமாகப் போய்க்கொண்டிருந்த கழிவு, பெயர் பெற்று விருந்துக்கு வந்தது. மின்னசோட்டாவின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே செனட்டர் ஆல் ஃபிராங்கன் ஹாட்டிஷ் போட்டி ஒன்றையே தொடங்கினார். அதில் செனட்டர் ஏமி குளோபுச்சார் கொண்டு வந்ததன் பெயர் ‘டாக்கனைட் டேட்டர் டாட் ஹாட்டிஷ்’. டாக்கனைட் என்பது அந்த மாநிலச் சுரங்கங்களில் கிடைக்கும் இரும்புத்தாது.

கொத்துக்கறியும் ஊருக்கொரு பெயரோடு வாழ்கிறது. நடுமேற்கில் பலர் அதை ‘ஹாம்பர்கர்’ என்றே சொல்வார்கள். ஹாம்பர்க் என்ற ஜெர்மானியத் துறைமுகத்தின் பெயர் அது. நம் பிரியாணிக் கடைகளின் ‘கைமா’, கொத்துவதைக் குறிக்கும் துருக்கிய வினையிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. அதே துருக்கியச் சொல் மேற்கே போய்க் கிரேக்கத்தில் ‘கிமாஸ்’ ஆகி மூசாக்கா என்ற உணவுக்குள் புகுந்தது. கைமாவிலும் பிழைத்தது செய்கையின் பெயர்தான்.

இனி நம் ஊருக்கு வந்த கேசரோல். உள்ளே எவர்சில்வர், வெளியே பிளாஸ்டிக், நடுவே வெப்பம் கடத்தாத நுரை. இந்திய நிறுவனங்கள் இதற்குக் கேசரோல் என்று பெயரிட்டு வட இந்திய வீடுகளில் ரொட்டிக்கும், நம் வீடுகளில் சப்பாத்திக்கும் இட்லிக்கும் விற்றன. சாப்பாடாக மாறிய சொல் இந்தியாவில் மறுபடி பாத்திரமானது. ஆனால் அடுப்பைத் தொடாத பாத்திரம். தமிழ் வீடுகள் அந்தப் பெயரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘ஹாட் பாக்ஸ்’, ‘ஹாட் பேக்’ என்றே அழைக்கின்றன. மின்னசோட்டாக்காரரும் தமிழரும் ஒருவரை ஒருவர் அறியாமல், பிரெஞ்சுச் சொல்லை ஒதுக்கிவிட்டுச் சூட்டைக் கொண்டு பெயர் வைத்திருக்கிறார்கள்.

சமையல் குறிப்புகளைத் தமிழில் பெயர்த்து எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘கேசரோலில் போட்டு 200 டிகிரியில் வையுங்கள்’ என்று எழுதினால், படிக்கிறவர் அலமாரியிலிருந்து எடுப்பது ஹாட் பாக்ஸாக இருக்கும். ஓவனில் அது உருகிப் புகைந்துவிடும். ‘ஓவனில் வைக்கும் கண்ணாடி அல்லது பீங்கான் தட்டு’ என்று விளக்கமாக எழுதிவிடுங்கள்.