லேக் ஹவுஸும் தமிழும்

கொழும்பில் 1914இல் 'தினமின'வை வாங்கிய டி. ஆர். விஜேவர்த்தன, 1932இல் 'தினகர'னைத் தொடங்கினார். அது சந்தைக் கணக்குதான் என்பது என் எண்ணம். ஆனால் முதலாளியின் நோக்கத்தோடு பத்திரிகையின் பயன் முடிந்துவிடுவதில்லை. 1960ஐ ஒட்டி க. கைலாசபதி அதன் ஆசிரியராக இருந்தபோது ஈழத்து எழுத்து அங்கே வேர்பிடித்தது.

1973இல் சிறிமாவோ அரசு லேக் ஹவுஸைக் கையகப்படுத்தியது. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜெயவர்த்தன, விஜேவர்த்தனவின் சகோதரி மகன். அவரும் அதைத் திருப்பித் தரவில்லை. 1983 ஜூலையில் தமிழர் வீடுகள் எரிந்தபோது, தமிழர் காசு கொடுத்து வாங்கிய 'தினகரன்' அரசின் பத்திரிகை. அரசோ பழைய முதலாளியின் உறவினர் கையில். 2022இல் பேரன் ரணிலும் ஜனாதிபதியானார்.

திருப்பூர் வங்கியில் பேரேடு எழுதும் எனக்குக் கணக்கின் பெயர் மாறினால் பணம் இடம்பெயர்ந்ததாகிவிடாது என்பது தெரியும். பத்திரிகையை அரசுடைமையாக்கினால் போதுமென்று வாதிடும் நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும்.