ஆணையிடாத முப்பதாவது மனிதர்



பிரான்சையும் ஸ்பெயினையும் பிரிக்கும் பிரனீஸ் மலைமேல் செல்லும் பழைய யாத்திரைப் பாதை, பனியின் ஆபத்தினால் நவம்பர் முதல் மார்ச் முடிய அடைக்கப்பட்டு, ஏப்ரலில் திறக்கப்படுகிறது. அவ்வசந்த நாட்களில் மலையடிவாரத்திலிருந்து புறப்படுகிறவர்கள், ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நடந்து, சந்தியாகோ தே கொம்போஸ்தெலா என்னும் நகரை அடைகிறார்கள். அங்கே அப்போஸ்தலனாகிய யாக்கோபின் கல்லறை இருப்பதாக ஒன்பதாம் நூற்றாண்டு முதல் நம்பப்பட்டு வருகிறது. நம் ஊர்களில் வழங்கும் சந்தியாகு என்ற பெயரும் அந்த யாக்கோபின் பெயரே.

முற்காலத்தில் இவ்வழியைத் தனியே கடப்பது அரிது. பனியும் கள்வரும் ஓநாய்களும் அச்சுறுத்தியதால் யாத்திரிகர் கூட்டமாய்ச் சென்றனர். 12ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட கோடெக்ஸ் கலிக்ஸ்தீனுஸ் என்னும் இலத்தீன் நூலில், 1080ஆம் ஆண்டில் நிகழ்ந்ததாக ஒரு வரலாறு காணப்படுகிறது. அதைச் சற்றே கேளுங்கள்.

லொரேன் நாட்டார் முப்பது பேர் யாத்திரை புறப்பட்டார்கள். ஒருவரையொருவர் கைவிடுவதில்லை என்று இருபத்தொன்பது பேர் ஆணையிட்டார்கள். ஒருவர் மாத்திரம் ஆணையிடவில்லை. வழியில் ஒருவர் நோயுற்றார். ஐந்து நாள் வழியைப் பதினைந்து நாட்களாக, குதிரையின்மேலும் கைகளிலும் அவரைச் சுமந்தார்கள். மலையடிவாரம் வந்ததும் சலித்துப்போய், விட்டுச் சென்றார்கள். ஆணையிடாதவரோ அவருடன் தங்கினார். இருவரும் மலையேறினர். உச்சியை அடைந்தபோது பொழுது சாய்ந்தது, நோயாளியும் மரித்தார். இருள், தனிமை, அருகே பிணம். அவ்வேளையில் யாக்கோபு குதிரைவீரனாய்த் தோன்றி, இருவரையும் ஏற்றிக்கொண்டு, பன்னிரண்டு நாள் வழியை ஓர் இரவில் கடந்தார் என்கிறது நூல். மேலும், உண்மை தவறிய தோழர்கள் மனம் வருந்தித் திரும்பாவிட்டால் அவர்களுடைய யாத்திரை வீண் என்று அறிவிக்கும்படி அவரை அனுப்பினாராம்.

குதிரைவீரன் தோன்றியதை நாம் சரித்திரமாக ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த யாத்திரையின் மேன்மையைப் பறைசாற்றவே எழுந்த நூல் அது. அந்நூலே, தோழனை வழியில் விட்டு வந்தவனுக்குக் கல்லறை வாசலில் பலனில்லை என்று துணிந்து எழுதிவைத்திருக்கிறது.

இவ்வார்த்தை முதலில் என்னையே குத்துகிறது. நெடுநாள் படுக்கையிலிருந்த சபையார் ஒருவரின் வீட்டுக்கு, லெந்துகாலக் கூடுகைகளுக்கு ஆயத்தம் செய்வதைக் காரணம் காட்டி நான்கு வாரம் நான் போகவில்லை. போனபோது அவர் பேசும் நிலையில் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கொண்டுபோயிருந்த ஜெபம் வாயில் வரவில்லை. பீடத்தின்முன் ஆணையிட்டவன் நான். நாள்தோறும் அவருக்குக் கஞ்சி கொண்டுவந்தவரோ, சபையின் எந்தப் பொறுப்பிலும் பெயரில்லாத அண்டை வீட்டு அம்மா.

முப்பதாவது மனிதர் நோயாளியைக் குணமாக்கவில்லை. அவரால் கூடியது உடனிருப்பது ஒன்றே. எம்மாவு வழியில் சோர்ந்து நடந்த இருவருடன் நம் ஆண்டவரும் அப்படியே நடந்தார். மாலையானபோது அவர்களுடன் தங்கினார்.

பிரியமானவர்களே, உங்களோடு புறப்பட்டு இன்று உங்கள் பக்கத்தில் இல்லாதவர் யார்? இந்த வாரம் அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். நேரமாகிவிடுமே என்று அஞ்சவேண்டாம். வழித்துணையாகிய கர்த்தர் உங்களோடிருப்பாராக. ஆமென்.