புதுசா ஒன்றை வாங்க ஏன் தயங்குகிறோம்? ஹைதராபாத் காட்டிய வழி

உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருப்பார். புது ஆப் வந்த அன்றே டவுன்லோட் செய்துவிடுவார். பக்கத்து சீட்காரரோ, "நாலு பேர் யூஸ் பண்ணட்டும், அப்புறம் பார்ப்போம்" என்பார்.

இது அவரவர் குணம் மட்டும்தானா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. பிடிக்காமல் போனால் எவ்வளவு நஷ்டம் என்ற கணக்கும் உள்ளே ஓடுகிறது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள ஹைதராபாத்தில் நடந்த இரண்டு விஷயங்கள் உதவும்.

ஊபர் ஏன் ரொக்கம் வாங்கியது?

பர்ஸைத் தொடாமலே இறங்கிப் போகலாம் என்பதுதான் ஊபரின் அடையாளம். ஆனால் 2015 மே மாதம், ரொக்கமாகக் கட்டணம் வாங்கும் முறையை அந்நிறுவனம் சோதனையாகத் தொடங்கியது. உலகிலேயே முதலில் அது நடந்த நகரம் ஹைதராபாத்.

காரணம் எளிது. ஆட்டோவில் இறங்கும்போது காசு கொடுத்துப் பழகியவர், ஏறும் முன்பே கார்டு விவரம் கேட்டால் யோசிப்பார். பலரிடம் கிரெடிட் கார்டும் கிடையாது. அந்தத் தடை நீங்கியதும், ஒரு சவாரி போய்ப் பார்ப்பது சுலபமானது. பிறகு இதே முறை மற்ற இந்திய நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போனது.

ஐகியா என்ன செய்தது?

ஸ்வீடனின் ஐகியா, இந்தியாவில் தன் முதல் கடையை 2018 ஆகஸ்ட் 9 அன்று ஹைதராபாத்தின் ஹைடெக் சிட்டி பகுதியில் திறந்தது. பரப்பு சுமார் 4 லட்சம் சதுர அடி. ஏறக்குறைய 7,500 பொருட்கள். அவற்றில் சுமார் 1,000 பொருட்களின் விலை 200 ரூபாய்க்கும் கீழே.

சோபா வாங்கத் தயங்குபவர், முதலில் ஒரு டப்பாவோ கரண்டியோ வாங்கிப் பார்க்கலாம் இல்லையா? பாகங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் நாமே பொருத்துவது ஐகியாவின் வழக்கம். ஆனால் நம் ஊரில் கார்பென்டரைக் கூப்பிட்டே பழக்கம். அதனால் வீட்டுக்கு வந்து பொருத்தித் தரும் சேவையும் சேர்ந்தது. கடைக்குள் இருந்த உணவகத்திலும் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி இல்லை. பதிலாக சிக்கன், சைவ உருண்டைகள், கூடவே பிரியாணி!

இது நமக்குப் புதுசா?

இல்லை. கடலூரில் 1983-ல் தொழில் தொடங்கிய சி.கே.ரங்கநாதனின் சிக் ஷாம்பு, சாஷேயில்தான் வளர்ந்தது. பாட்டில் வாங்க யோசித்தவர்கள், சில்லறைக் காசில் ஒரே ஒரு முறை தலைக்குத் தேய்த்துப் பார்க்க முடிந்தது.

ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்க ஆய்வாளர் எவரெட் ரோஜர்ஸ் 1962-ல் இதை விளக்கினார். புதுசு ஒன்று பரவுவதற்கு ஐந்து அம்சங்கள் முக்கியம் என்றார்: பழையதைவிட ஆதாயம், நம் வாழ்க்கைக்குப் பொருத்தம், எளிமை, கொஞ்சமாக முயன்று பார்க்கும் வாய்ப்பு, பலன் பிறர் கண்ணில் படுவது. அவர் கணக்கில், முதல் ஆளாக இறங்குபவர்கள் வெறும் 2.5 சதவீதம். மற்றவர்கள் அடுத்தவரைப் பார்த்துத்தான் வருவார்கள். அந்தப் பக்கத்து சீட்காரர் ஒன்றும் விதிவிலக்கு இல்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

நீங்கள் ஒரு பொருளை உருவாக்குபவர் என்றால், "நம்ம ஆளுங்க புதுசா எதையும் தொட மாட்டாங்க" என்று முடிவு கட்டும் முன், அவர்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். விலையா, கார்டா, பொருத்தும் வேலையா? அதே சமயம், முதல் நாள் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இரண்டாவது முறை வாங்குபவர்தான் உண்மையான வாடிக்கையாளர்.

வாங்குபவர் என்றால் வேறு எச்சரிக்கை தேவை. உள்ளே வருவதைச் சுலபமாக்கும் சிலர், வெளியேறுவதைக் கஷ்டமாக்குகிறார்கள். "ஒரு மாதம் இலவசம்" என்று ஆட்டோபே வாங்கிக்கொண்டு, கேன்சல் பட்டனை ஒளித்து வைப்பது அப்படித்தான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்த 13 தந்திரங்களில் இந்தச் சந்தாப் பொறியும் ஒன்று. சிக்கினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

புதுசைத் தாராளமாக ட்ரை பண்ணுங்கள். ஆனால் வெளியேறும் வழியை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.