55 டன் குரல்

ஈரி ஏரியில் போய்க்கொண்டிருந்த நீராவிக் கப்பலில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ஓரிடத்தில் உட்கார முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தான். தந்தி அறையிலிருந்து வந்த டிக் டிக் சத்தம் அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டது. உள்ளே இருந்தவர் விரட்டவில்லை, கூப்பிட்டுக் கேட்க வைத்தார். கிளீவ்லாந்து நகரத்து ஆல் கிராஸுக்கு அன்று பிடித்த வானொலிப் பித்து கடைசிவரை தெளியவே இல்லை.

16 வயதில், 1934-ல், அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கினான். ஆனால் ஹாம்கள் எனப்படும் அன்றைய அமெச்சூர் வானொலிக்காரர்களின் கருவி மேசையைவிட்டு நகராது. நடந்துகொண்டே நண்பர்களோடு பேச வேண்டும் என்பது கிராஸின் ஆசை. அலைவெண் உயர உயர ஆன்டெனா குட்டையாகும். அதனால் 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, பெரிய கம்பெனிகள் எட்டிக்கூடப் பார்க்காத தரிசுக்குள் இறங்கினான். 1938-ல் கையில் பிடித்துப் பேசும் பெட்டி தயாரானது. கனடாவில் காட்டுப் பகுதிகளில் பறக்கும் விமானிகளுக்காக டொனால்ட் ஹிங்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே ஒன்று செய்திருந்தார். வாக்கி-டாக்கிக்கு யார் தகப்பன் என்ற வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. அதைவிடச் சுவாரசியமான வேலை ஒன்று அதே காலத்தில் பெல் ஆய்வகத்தில் நடந்துகொண்டிருந்தது.

அங்கே ஹோமர் டட்லிக்கு வேறு கவலை. கடலடித் தந்திக் கம்பி மிகவும் குறுகலானது, அதில் மனிதக் குரல் நுழையாது. அவர் யோசித்தார்: குரல் வேகமாக அதிர்ந்தாலும் அதை உருவாக்கும் நாக்கும் உதடும் மெதுவாகத்தானே அசைகின்றன? குரலை அனுப்புவானேன், அந்த அசைவின் குறிப்பை மட்டும் அனுப்பினால் போதாதா? அப்படிப் பிறந்த வோகோடர் குரலைப் பத்துப் பட்டைகளாகப் பிரித்து, அந்தக் குறிப்பிலிருந்து மறுமுனையில் புதிதாகப் பேசியது. பேச்சு உயிரில்லாமல் இருந்தது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் அதன் தம்பி வோடரை ஒரு பெண் விசைகளை அழுத்திப் பேசவைக்க, ஜனங்கள் வாய்பிளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வேடிக்கைப் பொருளாகவே முடிந்திருக்க வேண்டியதை ஹிட்லர் காப்பாற்றினார்.

போர் வந்தது. கிராஸை அமெரிக்க உளவுத்துறை அழைத்துக்கொண்டது. தரையிலிருக்கும் உளவாளி தலைக்கு மேலே வட்டமிடும் விமானத்தோடு பேசும் கருவிக்கு அவர் உழைத்தார். மோட்டோரோலாவின் 2.3 கிலோ கைக்கருவி படைவீரர்களிடம் போனது. இதற்கிடையில் அட்லாண்டிக்குக்கு அப்பாலும் இப்பாலும் தலைவர்கள் பேசிய தொலைபேசி உரையாடல்களை, ஹாலந்து கடற்கரையில் உட்கார்ந்து ஜெர்மானியர்கள் ஒட்டுக்கேட்டார்கள்.

டட்லியின் இயந்திரத்தைத் தூசி தட்டினார்கள். குரலை எண்களாக நறுக்கி, இசைத்தட்டில் பதிந்த தாறுமாறான இரைச்சலோடு கலந்து அனுப்பினார்கள். அதே இசைத்தட்டின் இன்னொரு பிரதி மறுமுனையில் அதே நொடியில் சுழன்றால்தான் பேச்சு விளங்கும். சிக்சாலி என்ற அந்த ஏற்பாடு 1943 ஜூலை 15 அன்று வாஷிங்டனையும் லண்டனையும் இணைத்தது. உலகின் முதல் டிஜிட்டல் குரல் அதுதான். எடை? 55 டன். 40 அலமாரிகள், 30 கிலோவாட் மின்சாரம். லண்டன் முனையை செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் நிலவறையில் ஒளித்தார்கள். போர் முடிந்ததும் இயந்திரங்களைப் பிரித்துப் போட்டார்கள். 1976 வரை வெளியே மூச்சுவிடவில்லை.

ஒன்று கைக்குள் அடங்கும், ஆனால் டிஜிட்டல் தெரியாது. மற்றது டிஜிட்டல், ஆனால் அதைத் தூக்க ரயில் வேண்டும். இரண்டையும் சேர்த்துவைக்க அரை நூற்றாண்டு ஆனது. குரலை ஒடுக்கும் வித்தையில் நடுவே பெரிய பாய்ச்சல் காட்டியவர் கான்பூரில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்த பிஷ்ணு அடல். 1961-ல் பெல் ஆய்வகம் போனார். சற்று முந்தைய குரல் துளிகளிலிருந்து அடுத்த துளியைக் கணித்துவிடலாம் என்பது அவர் வழி. 1985-ல் சக ஆய்வாளர் ஷ்ரோடரோடு சேர்ந்து வெளியிட்ட முறையில் ஒரு நொடிப் பேச்சைச் சுருக்க, அன்றைய க்ரே சூப்பர் கம்ப்யூட்டருக்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது! ஆனாலும் செல்போன்கள் பிற்பாடு அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டன. எம்.ஐ.டி.யில் கிரிஃபினும் லிம்மும் வேறொரு பாதை வெட்டினார்கள். அது ஒரு சிப்புக்குள் அடங்கியது. அந்த சிப்புக்காகக் காத்திருந்தவர்கள் ஜப்பானில் இருந்தார்கள்.

ஜப்பான் அமெச்சூர் வானொலிச் சங்கம் 2001-ல் டி-ஸ்டார் என்ற முறையை வெளியிட்டது. நொடிக்கு 2,400 பிட்டில் குரல், கூடவே அழைப்புக்குறி, சிறு செய்தி. கிராஸின் பெட்டியும் டட்லியின் குரலும் ஒருவழியாகச் சேர்ந்தன. சேர்ந்த கையோடு பங்காளிச் சண்டையும் வந்தது. 2005-ல் ஐரோப்பா தொழில் நிறுவனங்களுக்காக டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறையைக் கொண்டுவர, மலிவான சீனக் கருவிகள் வழியாக ஹாம்கள் அதையும் பிடித்துக்கொண்டார்கள். 2013-ல் யேசு கம்பெனி தனக்கென ஒன்றை இறக்கியது. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. போதாக்குறைக்கு, குரலை ஒடுக்கும் சிப் தனியார் பூட்டுக்குள் இருந்தது. ஹாம்கள் பூட்டைக் கண்டால் சும்மா இருப்பார்களா?

அமெரிக்காவில் டிராவிஸ் குட்ஸ்பீட், டிஒய்டி எம்டி-380 என்ற சீனக் கருவியின் மென்பொருளை உடைத்துப் படித்து, மாற்றவும் வழி கண்டார். ஆஸ்திரேலியாவின் டேவிட் ரோ, காசில்லாமல் எவரும் பயன்படுத்தும், குரலை ஒடுக்கும் கோடெக் 2 என்ற மென்பொருளை எழுதினார். அதை வைத்து 2019-ல் போலந்தில் எம்17 என்ற திறந்த முறை தொடங்கியது.

இத்தனையும் சேர்ந்ததுதான், இன்று டெல்லி துவாரகாவில் ஏதோ ஒரு செக்டாரின் அடுக்குமாடிப் பால்கனியில் ஒரு ஹாம் அழுத்திப் பேசும் கையடக்க டிஜிட்டல் கருவி. மொட்டைமாடியில் பெரிய ஆன்டெனா வைக்கச் சொசைட்டி கமிட்டி முகம் சுளிக்கும் ஊரில் கைக்கருவிதான் கதி. விலைப்பட்டியலில் மின்னும் ஜிபிஎஸ்ஸும் வண்ணத்திரையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் பக்கத்து ரிப்பீட்டர் எந்த முறையில் பேசுகிறது, கூடப் பேசும் நண்பர்களிடம் எது இருக்கிறது என்பதே முதல் கணக்கு. தனியாக டி-ஸ்டார் வாங்கிவைத்தவர் பால்கனியில் தன்னோடுதான் பேசவேண்டும். இன்டர்நெட் வழியே உலகத்தோடு கோக்கும் சிறு ஹாட்ஸ்பாட் பெட்டி அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கிறது. உரிமம் கைக்கு வந்த பிறகே கருவி. அதிலும் இந்திய ஹாமுக்கு இக்கருவிகள் இயங்கும் யுஎச்எஃப் அலைப்பகுதியில் ஒதுக்கீடு 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரைதான். எம்டி-380 போன்ற சீனக் கருவியோ 400 முதல் 480 வரை திறந்தபடியே வந்து இறங்குகிறது.