தங்க நிற வீலும் நாலு கால்களும்: ஒரு குட்டி வரலாறு

நாலு வீலுக்கும் இன்ஜின் சக்தி போகும் செடானுக்கு வீலும் சஸ்பென்ஷனும் மாத்தும் மோகம் எப்படிப் பரவுச்சு தெரியுமா?

1992ல் ஜப்பானில் சுபாரு இம்ப்ரெசா அறிமுகமானது. 1995ல் நீல நிற உடம்பு, தங்க நிற வீல்களோட அதே காரை ஓட்டி, ஸ்காட்லாந்தின் காலின் மெக்ரே 27 வயசில் உலக ராலி சாம்பியன் ஆனார்.

அந்த வீல் மேல பலருக்கும் ஆசை வந்துச்சு. ஆனா ஒண்ணைக் கவனிக்கல.

ராலி டீம்கள் பாதைக்கு ஏத்த மாதிரி வைத்தியம் செய்தாங்க. சரளைக்கல் பாதைன்னா சின்ன வீல், தடித்த டயர், உயரமான சஸ்பென்ஷன். தார் ரோடுன்னா பெரிய வீல், தாழ்வான, இறுக்கமான சஸ்பென்ஷன்.

நாம குண்டும் குழியுமான ரோட்டுக்கு ரெண்டாவதை மாட்டினா? அடி முழுக்க ரிம்முக்கும் நம்ம முதுகெலும்புக்கும்தான்.

இன்னொரு விஷயம். இந்தக் காரில் முன் வீல்களுக்கும் பின் வீல்களுக்கும் நடுவே சென்டர் டிஃபரன்ஷியல் இருக்கு. நாலு டயரின் சுற்றளவும் ஒண்ணா இருக்கணும். ரெண்டு புதுசு, ரெண்டு தேய்ஞ்சதுன்னா அது ஓயாம உழைச்சு சூடாகும். ஒரு கால் குட்டையா இருந்தா இடுப்பும் முதுகும் வலிக்கும்ல? அதே கதைதான்.

அதனால வீல் பெரிசானா டயரின் பக்கவாட்டு உயரத்தைக் குறைங்க. மொத்த விட்டம் மாறக் கூடாது. போல்ட் அளவையும் பாருங்க. இம்ப்ரெசா எஸ்டிஐ 2005 மாடலில் போல்ட் வட்டம் 100 மி.மீ.யிலிருந்து 114.3 மி.மீ. ஆச்சு. பழைய வீல் அதுல அப்படியே உட்காராது.

முதல்ல நல்ல டயர், அப்புறம் சஸ்பென்ஷன், கடைசியா அழகு. இந்த வரிசை மாறாம பார்த்துக்கோங்க.